ஈரக்கல் மாமன்கள் அருந்ததி பார்த்த கதை

மேற்கு மலையில் ஈரக்கல் என்று ஓர் ஊர். வருஷத்தில் பத்து மாதம் அங்கே மழை பெய்யும். மீதி இரண்டு மாதம் மழை வருகிற மாதிரி இருக்கும். குழந்தைகளுக்கு முதலில் குடை பிடிக்கத்தான் சொல்லிக் கொடுப்பார்கள், நடப்பதெல்லாம் அப்புறம். ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். பொய் சொல்லவே மாட்டார்கள். பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் கொஞ்சம் யோசிக்க வேண்டும் அல்லவா, அந்தத் தொந்தரவு அவர்களுக்குக் கிடையாது.

அந்த ஊர் ராமாத்தாளுக்கு ஒரே மகன், நவநீதன். மொரீஷியஸ் தீவில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை. அவனுக்கு நிச்சயமான பெண் கோயம்புத்தூர் மதுவந்தி. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். எதிரே உட்காருகிறவர்களிடம் "இது தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவள் உத்தியோகம்.

நிச்சயதார்த்தம் ஈரக்கல்லில் நடந்தது. பெண்ணின் பட்டுப்புடவைச் சாயம் தாம்பாளத்து வெற்றிலை வரைக்கும் ஓடியது. போட்டோ ஆல்பத்தில் ஒரு முகம்கூட இல்லை, எல்லாம் குடைகளின் மேல்பக்கம். மதுவந்தி ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, "கல்யாணம் வெயிலடிக்கிற ஊர்லதான்" என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப எங்க ஓட்டல்லயே வெச்சுக்கலாம். அங்க வர்றவங்க எல்லாருமே வெயிலுக்குத்தான் வர்றாங்க" என்றான் நவநீதன்.

ராமாத்தாளுக்குக் காதில் ஆபரேஷன் ஆகியிருந்தது. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே மகன் கல்யாணத்தைப் பார்க்க முடியாத வருத்தத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து, தன் தம்பிகள் மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினாள்.

மூத்தவர் சென்னியப்பன், தீர்ப்புச் சொல்கிறவர். நடுவில் ஆறுச்சாமி, எதையும் உடனே செய்து பார்த்துவிடுகிறவர். கடைசி பொங்கியண்ணன், கேள்வி கேட்கிறவர். மூன்று பேரும் அதுவரை பொள்ளாச்சியைத் தாண்டியதில்லை.

"எனக்குப் பதிலா நீங்க மூணு பேரும் என்ற கண்ணா இருந்து பாக்கோணும்" என்றாள் ராமாத்தாள். "தாலி கட்டறது, அம்மி மிதிக்கறது, அருந்ததி பாக்கறது, ஒண்ணு உடாம நடக்கோணும். முகூர்த்தம் முடியறதுக்குள்ள போன் போட்டு, எல்லாம் முறையா நடந்துச்சுன்னு சொல்லோணும். பாக்காததப் பாத்தேன்னு சொன்னீங்கன்னா, நம்ம மழைகாத்தம்மன் மேல ஆணை, ஊருல மழை நின்னு போயிரும். அருந்ததி பாக்காத புள்ள கையில என்ற வீட்டு வெளக்கக் குடுக்க மாட்டேன்."

மூன்று பேரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஆறுச்சாமி கற்பூரத்தை உண்மையாகவே கட்டிப் பிடித்ததால் சட்டையில் ஓட்டை விழுந்தது.

அம்மிக்கல்லும் ஊரிலிருந்தே போகவேண்டும் என்பது ராமாத்தாளின் உத்தரவு. விமானத்தில் கையோடு ஏழு கிலோ வரைக்கும்தான் கொண்டுபோகலாம் என்பதால் ஆறரைக் கிலோவில் ஒரு சின்ன அம்மி கொத்தி வாங்கினார்கள். சோதனைச் சாவடியில் மூன்று அதிகாரிகள் அதைச் சுற்றி நின்று யோசித்தார்கள். அதில் ஒருவர் வீட்டில் போன வாரம்தான் கல்யாணம் நடந்திருந்தது. அவர் தயவில் அம்மி தப்பியது.

விமானத்தில் பணிப்பெண் வந்து, அம்மியைப் பொங்கியண்ணன் காலடியில் வைக்கச் சொன்னாள். வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு வியர்த்தது.

"அண்ணா, இத மிதிக்க வேண்டியது பொண்ணு."

"ஆமா."

"என்ற காலு பட்டுதுன்னா?"

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தார். "பட்டா கல்யாணம் உனக்கும் நவநீதனுக்கும் ஆனதாத்தான் அர்த்தம். காலத் தூக்கிக்க."

பொங்கியண்ணன் அந்தப் பயணம் முழுக்க இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டே வந்தார். தம்பி தனியாகக் கஷ்டப்படுகிறானே என்று அண்ணன்கள் இருவரும் தங்கள் கால்களையும் தூக்கிக்கொண்டார்கள்.

தீவில் இறங்கினால் வானம் நீலமாக, துடைத்த தட்டு மாதிரி இருந்தது. மூன்று பேரும் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், விரித்த குடை சகிதம் ஓட்டல் வாசலில் வந்து நின்றார்கள். ஓட்டல்காரர்கள் அதை ஏதோ தமிழ்நாட்டுக் கல்யாண உடை என்று நினைத்து வணங்கி வரவேற்றார்கள்.

நவநீதன் மூன்று மாமன்களுக்கும் ஆளுக்கொரு களிம்புக் குழாய் கொடுத்தான். "மாமா, இங்க வெயில் கடுமை. வெயில் படுற எடத்துல எல்லாம் இதத் தடவிக்கங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால் மூன்று நாற்காலிகள், ஒரு மேஜை, நீச்சல்குளத்துக் கைப்பிடி, இரண்டு தென்னைமரம் எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஆறுச்சாமி மூன்றாவது தென்னையில் பாதி உயரத்தில் இருந்தார்.

"வெயில் நகந்துக்கிட்டே இருக்குது மாப்ள" என்று மேலிருந்து குறைப்பட்டுக்கொண்டார். "இங்க தடவி முடிக்கறதுக்குள்ள அங்க பட்டுருது. குழாய் பத்தாது."

வெயிலில் காயப்போட்டிருந்த அம்மிக்கும் அவர்கள் நல்ல தாராளமாகத் தடவியிருந்தார்கள். அது யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். கடற்கரை மணலில் பந்தல், இருபது முப்பது விருந்தாளிகள், மதுவந்தியின் அப்பா அம்மா, சென்னையிலிருந்து வந்த பட்டாபி ஐயர். இந்த மாதிரி வெளிநாட்டுக் கல்யாணங்கள் நாற்பது நடத்திவைத்தவர். மத்தியானம் மூன்று மணி விமானத்தைப் பிடித்து இன்னொரு தீவில் நாற்பத்திரண்டாவது கல்யாணத்துக்குப் போகவேண்டியவர். மந்திரமெல்லாம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

தாலி கட்டியாயிற்று. மாமன்கள் மூன்று பேரும் முதல் வரிசையில் கண் இமைக்காமல் பார்த்தார்கள். ஒருவருக்கு இமைக்க வேண்டியிருந்தால் மற்ற இருவரிடம் சொல்லிவிட்டு இமைத்தார்.

அடுத்து அம்மி. மதுவந்தி வலது காலைத் தூக்கி அம்மிமேல் வைத்தாள். தாராளமாகக் களிம்பு தடவிய அம்மி அல்லவா, கால் வழுக்கி, பெண் போய் ஐயர் மடியில் விழப் பார்த்தாள். நவநீதன் பாய்ந்து பிடித்தான். கூட்டம் கைதட்டியது. அது ஒரு சடங்கு என்று நினைத்து ஓட்டல் போட்டோக்காரர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.

மெட்டி போட்டதும் ஐயர் ஆகாயத்தில் ஒரு பக்கமாக விரலை நீட்டினார். "அருந்ததி பாருங்கோ. பார்த்தேளா? பார்த்தாச்சு. நமஸ்காரம் பண்ணுங்கோ. அடுத்தது..."

"நிறுத்துங் சாமி" என்றார் சென்னியப்பன்.

ஐயர் விரல் வானத்திலேயே நின்றது. மணி ஒன்பதே முக்கால்.

"எங்கீங் சாமி அருந்ததி?"

"அதோ, வடக்கே."

மூன்று பேரும் வடக்கே பார்த்தார்கள். நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைக் கடற்பறவை போயிற்று. ஆறுச்சாமி அதைச் சந்தேகமாகப் பார்த்தார். அது பறவைதான் என்று ஒத்துக்கொண்டார்.

"தெரியலீங்களே" என்றார் பொங்கியண்ணன்.

"பட்டப்பகல்ல நட்சத்திரம் எப்படி ஐயா தெரியும்? அது ஒரு சம்பிரதாயம். எல்லார் கல்யாணத்திலேயும் இப்படித்தான். உங்க கல்யாணத்திலே மட்டும் தெரிஞ்சுதா?"

"தெரியலீங்" என்றார் சென்னியப்பன்.

"அப்புறம் என்ன?"

"அது வேறீங் சாமி. எங்கூர்ல மேகம் இருக்கும். ஐயர் கையக் காட்டுவாரு. மேகத்துக்குப் பின்னாடி அருந்ததி இருக்குதுன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம். திரை போட்டிருந்தா உள்ள சாமி இருக்குதுன்னு கும்பிடறமே, அதாட்ட. இங்கதான் மேகமே இல்லீங்களே. மறைக்க ஒண்ணுமே இல்லாதப்ப தெரியோணுமல்லங். தெரியலீன்னா அங்க அது இல்லீன்னுதான அர்த்தம்?"

ஐயர் நிமிர்ந்து ஒரு தடவை வானத்தைப் பார்த்துக்கொண்டார். நாற்பது கல்யாணத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"வெயில் மறைக்கறது ஐயா."

"வெளிச்சம் எங்காச்சும் மறைக்குமுங்களா?" என்று ஆறுச்சாமி சிரித்தார். "வெளக்குப் போட்டா சாமானம் தெரியுமா, மறையுமா?"

"தெரியும்" என்றார் ஐயர், தன்னையறியாமல்.

"அதானுங்."

கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நவநீதன் மெதுவாக மூத்த மாமன் காதருகே வந்தான். "மாமா, அம்மாகிட்ட பாத்தோம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்."

சென்னியப்பன் முகம் வெளுத்துவிட்டது. "ஊருல மழை நின்னு போயிரும் கண்ணு. நாம மட்டும் குடும்பம் நடத்தினாப் போதுமா? தேயிலைச் செடி எத்தன இருக்குது, அட்டைப்பூச்சி எத்தன இருக்குது!"

"ராத்திரி வரைக்கும் பொறுத்தா நல்லாவே தெரியுமே மாமா."

"ராத்திரி பாக்கறது வெறும் நட்சத்திரம் மாப்ள. முகூர்த்தத்துல பாக்கறதுதான் அருந்ததி."

இப்போது மதுவந்தி எழுந்தாள். தனக்குத் தெரிந்த தொழிலை நம்பி ஒரு காரியம் செய்தாள், பாவம். மாமன்களுக்குக் கண்ணில் ஏதாவது குறை இருந்தால், அதனால்தான் தெரியவில்லை என்று முடித்துவிடலாம் அல்லவா? மூன்று பேரையும் மணலில் வரிசையாக நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொன்னாள். தூரத்தில் ஓட்டல் கூரையில் இருந்த பலகையைக் காட்டி, "அதுல என்ன படம் தெரியுது?" என்று கேட்டாள்.

"ஆமை. முதுகுல பதிமூணு கட்டம்" என்றார் ஆறுச்சாமி.

"அது மூக்கு மேல ஒரு ஈ உக்காந்திருக்குது" என்றார் பொங்கியண்ணன்.

மூன்று பேருக்கும் கழுகுக் கண். மதுவந்தி தொழில் தர்மத்தை விட முடியாமல், "பார்வையில ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

"பாத்தீங்களாங் சாமி!" என்றார் சென்னியப்பன். "படிச்ச புள்ளையே சொல்லிருச்சு. எங்க கண்ணு நல்லாருக்குது. அப்ப அருந்ததிதான் வரல."

மதுவந்தி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா முகம் கோணிவிட்டால் தன்னால் நிம்மதியாக இருக்க முடியாது என்று நவநீதன் அவளிடம் முன்பே சொல்லியிருந்தான். அவளுக்கும் ராமாத்தாளைப் பிடிக்கும். நிச்சயதார்த்தத்தன்று தன் முந்தானையால் இவள் தலையைத் துவட்டிவிட்ட மனுஷி. அந்த வீட்டு விளக்கை இந்தக் கையால் ஏற்ற முடியாதோ என்று நினைத்ததும் அவள் கண் கலங்கியது. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. மணி பத்து.

மாமன்கள் மூன்று பேருக்கும் பெண் அழுவது பொறுக்கவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் இல்லை அவர்கள். ஆறுச்சாமி ஓடிப்போய் விருந்தாளிகளிடம் நாலு கறுப்புக் கண்ணாடி இரவல் வாங்கி வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நாலையும் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"நல்ல இருட்டு. ராத்திரியே ஆயிருச்சு."

"அருந்ததி?"

"அமாவாசையாட்ட இருக்குது, ஒண்ணுங் காணோம்."

நாலு கண்ணாடியையும் கழற்ற மறந்து அவர் திரும்பி நடந்ததில் வாழைமரம் ஒன்று சாய்ந்தது. மேளக்காரர் தவிலைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

மூவரும் பந்தல் மூலையில் கூடி ஆலோசனை செய்தார்கள்.

"நமக்கு வேண்டியது என்ன?" என்றார் சென்னியப்பன்.

"அருந்ததி."

"இல்ல. அருந்ததி அது பாட்டுக்கு வரும். அதுக்கு ஒரு மறைப்பு வேணும். குடும்பத்துப் பொண்ணு, இப்படித் திறந்த வெளியில வந்து நிக்கச் சொன்னா எப்படி நிக்கும்? நமக்கு வேண்டியது மேகம்."

இப்படி ஒரு யோசனை அண்ணனுக்கு எப்படித் தோன்றியது என்று தம்பிகள் இருவரும் அவரைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேற்கே, கடலுக்கு மேல், தலையணை அளவுக்கு ஒரு சின்ன மேகம் இருந்தது. ஐயர் அதைப் பார்த்துவிட்டார். "அதோ மேகம்! அதுக்குப் பின்னாடி இருக்கா அருந்ததி! ஆயிடுத்து, நமஸ்காரம் பண்ணுங்கோ!" என்று கத்தினார்.

"சாமி, நீங்க வடக்கயல்லங் கையக் காட்டுனீங்க" என்றார் சென்னியப்பன் வருத்தத்தோடு. "இது மேக்க இருக்குது. பொய் சொல்லக் கூடாதுங்."

"தள்ளிக்கிட்டு வந்துட்டாப் போச்சு" என்றார் ஆறுச்சாமி. சொன்னதோடு நிற்காமல், கரையில் கிடந்த மிதிபடகு ஒன்றில் ஏறி, கையில் விரித்த குடையோடு மேகத்தை நோக்கி மிதிக்க ஆரம்பித்தார். வாத்து வடிவத்தில் செய்த படகு அது. விருந்தாளிகள் எல்லோரும் திரும்பிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர் கிட்டே போகப் போக மேகம் தள்ளிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கரைந்தே போயிற்று. ஆறுச்சாமி திரும்பி வந்து, "என்னயக் கண்டு பயந்துக்கிச்சு" என்றார். மணி பத்தேகால்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மதுவந்தியின் அப்பா ஐயரைப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் முழித்தார். அணையப் போகிற ஓமத்தில் பழக்க தோஷத்தில் இரண்டு சுள்ளியைப் போட்டார் ஐயர். அவை கொஞ்சம் ஈரச் சுள்ளிகள். மெல்லிசாகப் புகை எழும்பி, பந்தலுக்கு வெளியே போய், நேராக வடக்கே மேலே ஏறியது.

பொங்கியண்ணன் அதை அண்ணாந்து பார்த்தார். "அண்ணா, நம்ம வீட்டு அடுப்புப் பொகைதான் மேல போயி மேகமாகுதுன்னு அப்பன் சொல்லுவாரல்ல?"

அண்ணன்கள் இருவரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஓட்டல் தோட்டத்தைப் பார்த்தார்கள். தோட்டக்காரன் பெருக்கிக் குவித்திருந்த தென்னமட்டையும் தேங்காய் மட்டையும் அங்கே ஆளுயரத்துக்குக் கிடந்தன. மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். ஈரக்கல்காரர்களுக்கு ஈர விறகில் நெருப்பு மூட்டுவது பிறவியிலேயே வந்த வித்தை. வேறு எந்த விறகையும் அவர்கள் கண்டதில்லை. ஐந்தே நிமிஷத்தில் அந்தக் குவியல் முழுக்கப் புகைந்தது. ஆறுச்சாமி மேலே இரண்டு வாளி தண்ணீர் வேறு தெளித்தார்.

புகை என்றால் அப்படி ஒரு புகை. வெள்ளையாகக் கிளம்பி, சாம்பலாகி, கறுப்பாக உருண்டு, மேலே எழும்பி, அப்புறம் கடற்காற்று திரும்பியதும் பந்தலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியவில்லை. கடல் தெரியவில்லை. மாப்பிள்ளை பெண்ணின் கை என்று நினைத்து ஐயரின் கையைப் பிடித்திருந்தான். எல்லோரும் இருமினார்கள்.

இருமலுக்கு நடுவில் சென்னியப்பன் குரல் கம்பீரமாகக் கேட்டது. "சாமி! இப்பக் கையக் காட்டுங்!"

"காட்டிண்டுதான் இருக்கேன் ஐயா!"

"தெரியலீங்!"

"என்ன தெரியலே?"

"உங்க கையுந் தெரியலீங், அருந்ததியுந் தெரியலீங்! ஒண்ணுமே தெரியலீங் சாமி! அங்கதான் இருக்குது!"

"தம்பி, உனக்குத் தெரியுதாடா?" என்று சென்னியப்பனே பொங்கியண்ணனைக் கேட்டார்.

"சுத்தமாத் தெரியலண்ணா! இப்படித் தெரியாம நான் பாத்ததே இல்ல!" என்றார் பொங்கியண்ணன்.

மதுவந்தி தன் வாழ்நாளில் எத்தனையோ பேர் "தெரியலை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்த வார்த்தைக்காக அவள் சந்தோஷப்பட்டது அன்றுதான். கண்ணில் நீர் வழிய, புகையில் எந்தத் திசை என்று தெரியாமல், ஏதோ ஒரு பக்கம் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

அதற்குள் ஓட்டலில் அபாய மணி அடித்துவிட்டது. எட்டுப் பேர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நீளமான குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். புகைக்குள் எது எரிகிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றின் மேலும் அடித்தார்கள். தண்ணீர் மேலே போய், விசிறி மாதிரி விரிந்து, பந்தல் மேலும், பெண் மாப்பிள்ளை மேலும், தேங்காய் பழத் தட்டு மேலும் சடசடவென்று கொட்டியது.

மாமன்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் குடையை விரித்தார்கள். தீவுக்கு வந்து இரண்டு நாளில் அவர்கள் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது.

மணி பத்து இருபத்தெட்டு. சென்னியப்பன் குடைக்கடியில் நின்று அக்காவுக்குப் போன் போட்டார். ஈரக்கல்லில் மழைக்கு நடுவே படமெல்லாம் வராது, குரல் மட்டும்தான் கேட்கும்.

"தாலி?" என்றாள் ராமாத்தாள்.

"கட்டியாச்சுக்கா."

"அம்மி?"

"மிதிச்சுட்டா. நல்லா ஆழமா மிதிச்சா, கீழயே உளுந்துருப்பா."

"அருந்ததி?"

"அக்கா, அம்மன் மேல சத்தியமாச் சொல்றேன். ஒண்ணுமே தெரியலக்கா."

"மேகமா?"

"கருமேகம். கைக்கு எட்டற ஒசரத்துல."

"மழை?"

சென்னியப்பன் பேசாமல் போனைக் குடைக்கு மேலே நீட்டினார். குழாய்த் தண்ணீர் அதன்மேல் கொட்டுகிற சத்தம் கடல் கடந்து ஈரக்கல்லுக்குப் போயிற்று. ராமாத்தாள் விசும்பி விசும்பி அழுதாள்.

"வெயிலூர்ல போயிக் கல்யாணம் பண்றாங்களே, நம்ம வீட்டுக் கல்யாணமாட்டவே இருக்காதேன்னு பயந்துட்டிருந்தனே! இது போதும் சாமி. என்ற மருமகளக் கூட்டிக்கிட்டு வாங்க. வெளக்கத் தேச்சு வெக்கிறேன்."

அத்தனை பேரும் நனைந்து நின்றார்கள். மதுவந்தியின் புடவையிலிருந்து சிவப்புச் சாயம் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. வெயிலடிக்கிற ஊரில்தான் கல்யாணம் என்று சொன்னவள் அவள்தான். அவள் நவநீதனைப் பார்த்தாள், நவநீதன் அவளைப் பார்த்தான், இரண்டு பேரும் வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தார்கள். ஐயர் ஈர வேட்டியோடு மூன்று மணி விமானத்துக்கு ஓடினார்.

இதோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த நாள் அவர்கள் ஊருக்குப் போகவேண்டி இருந்ததே.

பெண், மாப்பிள்ளை, மாமன்கள் மூன்று பேர், அம்மி. விமானம் கிளம்பி மேலே ஏறியது. சென்னையை நெருங்கும்போது கீழே எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று மேகம் பரந்து கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று அவர் முகம் மாறியது.

"அண்ணா, நாம இப்ப மேகத்துக்கு மேல வந்துட்டம்."

"ஆமா, அழகா இருக்குது."

"மேகத்துக்கு அந்தப் பக்கம்."

"ஆமா."

"அருந்ததி இங்கதான இருக்கோணும்?"

மூன்று பேரும் ஜன்னலில் தலையை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். வெயில். நீல வானம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஆறுச்சாமி எழுந்து போய் எதிர்ப்பக்க ஜன்னலிலும் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்.

சென்னியப்பன் இடி விழுந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். "இத்தன தலமுறையா மேகத்துக்குப் பின்னாடி இருக்குதுன்னு நம்பிக்கிட்டிருந்தமே! வந்து பாத்தா ஆளையே காணோமே! எறங்குனதும் அக்காகிட்டச் சொல்லித்தான் ஆகோணும். சத்தியம் பண்ணியிருக்கறம். இந்தக் கல்யாணம் செல்லாது. என்ற கல்யாணமுஞ் செல்லாது. நம்ம ஊருல ஒருத்தன் கல்யாணமுஞ் செல்லாது!"

ஆறுச்சாமிக்குத் தன் ஆறு பிள்ளைகள் ஞாபகம் வந்து கண் நிறைந்துவிட்டது.

நவநீதன் பதறிப்போய், "மாமா, அறிவியல்படி பாத்தா" என்று ஆரம்பித்தான். மதுவந்தி அவன் கையை அழுத்தி நிறுத்தினாள். வெளிச்சத்தைப் பற்றி யாரிடம் என்ன பேசியும் பயனில்லை என்று நேற்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. விளக்கு ஏற்றுவதற்கு இன்னும் அரை நாள்தான் இருந்தது. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே பொறுமையான குரலில் கேட்டாள்.

"மாமா, இப்ப மேகம் எங்க இருக்குது?"

"கீழ இருக்குது அம்மிணி."

"நாம எங்க இருக்கறம்?"

"மேல."

"மேல இருக்கறவங்களுக்கு, மேகத்துக்குப் பின்னாடிங்கறது எந்தப் பக்கம்?"

மூன்று மாமன்களும் யோசித்தார்கள். சென்னியப்பன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கையால் ஒரு மேகம் போட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் மெள்ள மெள்ள வெளிச்சம் பரவியது.

"கீழ!"

"கீழ பாருங்க. அருந்ததி தெரியுதா?"

"மேகம் மறைக்குது அம்மிணி. சுத்தமாத் தெரியல!"

"அப்பறம் என்ன மாமா?"

சென்னியப்பன் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். "நம்ம குடும்பத்துக்குன்னே பொறந்த புள்ள" என்று தம்பிகளிடம் சொன்னார். அது பெரிய பாராட்டுதான். அதைக் கேட்டு மதுவந்தி லேசாகக் கவலைப்பட்டாள் என்று கேள்வி.

மூன்று பேரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடைபாதையில் இறங்கி, வரிசையாக மண்டியிட்டு, விமானத்தின் தரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சத்தம் கேட்டுப் பணிப்பெண் ஓடி வந்தாள். தமிழ்ப் பெண்தான்.

"என்ன சார், ஏதாவது கீழ விழுந்துருச்சா?"

"இல்லீங் அம்மிணி, அருந்ததி பாக்கறம்."

அவள் நல்ல பெண். அருந்ததி என்கிற யாரோ பாட்டியின் மூக்குத்தியோ கம்மலோ தொலைந்துவிட்டது என்று நினைத்து, தானும் குனிந்து, இடுப்பிலிருந்த டார்ச்சை எடுத்து இருக்கைக்கு அடியில் அடிக்கப் போனாள்.

சென்னியப்பன் பதறிப்போய் இரண்டு கையாலும் அந்த டார்ச்சைப் பொத்தினார். "ஐயோ, வெளிச்சம் போட்டுராதீங் அம்மிணி! தெரிஞ்சு தொலையப் போகுது!"